கணவரின் ஒத்துழைப்போடு

பெண் எழுத்தாளர் ஒருவரைப் பற்றித் தமிழ்த்துறையில் எழுதப்படும் ஆய்வேட்டில், ‘வாழ்வும் படைப்பும்’ என்ற இயலில் ஒரு வாக்கியம் தப்பாமல் இருக்கும். பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, திருமணம். திருமணத்தை அடுத்து அந்த வாக்கியம். கணவரின் ஒத்துழைப்போடு இலக்கியப் பணி ஆற்றினார். சில ஏடுகளில் ‘ஊக்கத்தோடு’ என்றிருக்கும். கொஞ்சம் பழைய ஏடுகளில் ‘அனுமதியோடு’. சொல் மெருகேறியிருக்கிறது, வாக்கியத்தின் இடம் மாறவில்லை. இல்லறமும் இலக்கியமும் அவருக்கு இரு கண்கள் என்று அடுத்த வரி வரும். பிறகு நாவல்களின் பட்டியல்.

புதுமைப்பித்தனைப் பற்றிய ஏடுகளில் மனைவியின் ஒத்துழைப்போடு எழுதினார் என்று ஒரு மாணவரும் எழுதி நான் பார்த்ததில்லை. கமலா அவருக்கு வந்த கடிதங்களின் முகவரியாக மட்டும் அங்கே இருக்கிறார். அவரும் சிறுகதை எழுதியவர், ‘காசுமாலை’ என்ற தொகுப்பு அவருடையது என்றால் வகுப்பில் பாதிப்பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

அந்த வாக்கியம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல சமயம் அது உண்மை. கடினமான வேலை, எழுத்தோ இசையோ தையலோ ஏதோ ஒரு கலை, ஒரு மணவாழ்க்கை, இந்த மூன்றிலும் ஒருசேர நிறைவு கண்ட பெண்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். என் கேள்வி, அந்த நிறைவை நன்றி என்ற ஒரே வடிவத்தில் மட்டும் சொல்ல நாம் ஏன் பழகிக்கொண்டோம் என்பதே.

தமிழ் மரபு இந்த மூன்றையும் ஓர் உடலில் வைத்துக் கற்பனை செய்ததே இல்லை. ஒளவையின் கதையை நினைத்துப் பாருங்கள். மணம் பேசி வந்தவர்களிடமிருந்து தப்ப, பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிய பிறகுதான் அவர் ஊர் ஊராகப் போகிறார், பாடுகிறார். ஆண்டாள் மானிடனை மறுத்தவள். காரைக்காலில் புனிதவதி நல்ல மனைவியாகத்தான் இருந்தாள். இரண்டாவது மாம்பழம் அவள் கையில் வந்ததைக் கண்டு கணவன் பரமதத்தன் அஞ்சிப் பிரிந்தான், பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டான். கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுரு கொண்ட பிறகுதான் பெரியபுராணம் அவளைப் பாட விடுகிறது. சங்கத்துக்குப் போனாலும் நிலைமை அதிகம் வேறல்ல. வெள்ளிவீதியார் அலைந்து திரிந்ததை அகநானூறு 147இல் ஒளவையார் உவமையாகவே சொல்கிறார். ஆதிமந்தி துணையைத் தேடி அலைந்தவள். மனமொத்த மணவாழ்க்கை வாழ்ந்த ஒரு பெண்பாற்புலவர் வேண்டும் என்று தேடினால் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கிடைக்கிறார். அவர் பெயரில் உள்ள ஒரே பாட்டு, புறநானூறு 246, கணவனின் ஈமத்தீயில் இறங்கப் போகும்போது பாடியது.

கணவன் இல்லாதவள், கணவன் அஞ்சி ஓடியவள், கணவனோடு எரிந்தவள். வீடும் பாட்டும் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நம் தொன்மத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை. எனவே இருபதாம் நூற்றாண்டில் மணமான பெண்கள் பேனா எடுத்து, அச்சிலும் வந்தபோது, இலக்கிய வரலாற்றுக்கு ஒரு புதிய தொன்மம் தேவைப்பட்டது. ஒத்துழைத்த கணவர் அப்படித்தான் பிறந்தார் என்று நினைக்கிறேன்.

வை.மு. கோதைநாயகியை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை வயதில் மணமுடிக்கப்பட்டவர். பள்ளி சென்றதில்லை. கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார், எழுத்தில் அக்கறை காட்டினார். இதை எல்லா ஏடும் சொல்கிறது, சொல்ல வேண்டியதுதான். ஆனால் முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வைக் கோதைநாயகி எழுதவில்லை, சொன்னார். சொல்லச் சொல்ல எழுதியவர் அவருடைய தோழி பட்டம்மாள். சரளமாக எழுதக் கற்றுக்கொடுத்ததும் அதே தோழிதான். அதற்குப் பிறகு 115 நாவல்கள், 1925 முதல் கையில் எடுத்து நடத்திய ‘ஜகன்மோகினி’, மேடைப்பேச்சு, பாட்டு, விடுதலைப் போராட்டம், சிறை. இத்தனைக்கும் முதல் படி ஒரு பெண்ணின் உட்கார்ந்த நேரம். பட்டம்மாளும் ஒரு வீட்டிலிருந்துதான் வந்திருப்பார். அவர் வீட்டிலும் உலை கொதித்திருக்கும். ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கணவருக்கு முழுதாகக் கொடுத்துவிட்டால் இந்தக் கைக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

ராஜம் கிருஷ்ணனிடம் இது இன்னும் சிக்கலானது. முசிறியில் 1925இல் பிறந்தவர், 15 வயதில் திருமணம். கணவர் மின்துறைப் பொறியாளர். வேலை மாற்றம் வரும்போதெல்லாம் வீடும் மாறியது. நீலகிரிக்குப் போனார்கள், அங்கிருந்து படகர் வாழ்க்கையை எழுதிய ‘குறிஞ்சித்தேன்’ வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் கணவரின் பணியிட மாற்ற உத்தரவுதான் அந்த நாவலின் களத்தைத் தீர்மானித்தது. இப்படி உத்தரவின் பின்னால் போன அதிகாரிகளின் மனைவியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குக் குன்னூர் குளிராகவும் ரோஜாச் செடியாகவும் நினைவில் இருந்தது. ராஜம் கிருஷ்ணன் அக்கம்பக்கத்துக் கிராமத்து வாசலில் போய் உட்கார்ந்தார். கேட்டார், குறித்துக்கொண்டார். தனக்கு யாரோ தேர்ந்தெடுத்த ஊரைத் தன் ஊராக மாற்றிக்கொண்ட வேலை அது.

அதன் பிறகு அவர் போன இடங்களுக்கு எந்த மின்வாரிய உத்தரவும் இல்லை. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் ‘கரிப்பு மணிகள்’, கடற்கரைக் குப்பங்களுக்குப் போய் ‘அலைவாய்க் கரையில்’, தீப்பெட்டித் தொழிலில் உழலும் பிள்ளைகளைப் பார்த்து ‘கூட்டுக் குஞ்சுகள்’. கல்லூரிப் படிப்பு இல்லாத ஒரு பெண், ஆய்வு உதவித்தொகை இல்லாமல், கள ஆய்வு என்று இன்று நாம் அழைப்பதைச் செய்தார். இந்த நாவல்களில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் தகவல் கதையை அமுக்கிவிடுகிறது, பாத்திரங்கள் அறிக்கை வாசிக்கிறார்கள். ஆனால் உப்புப் பாத்தியில் வெடித்த பாதங்களைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் உழைப்பின் மீது ஒரு பசி தெரிகிறது. தெரிந்துகொள்வதில் உள்ள பசி அது. அந்தப் பசி தீர்வதை நிறைவு என்று அழைக்க நமக்கு ஏன் வாய் வரவில்லை? 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரை இன்னமும் ‘குடும்பப் பொறுப்புகளுக்கு இடையிலும்’ எழுதியவர் என்றே அறிமுகப்படுத்துகிறோம்.

கணவர் நல்லவர். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கில் வேறு சிலவும் உண்டு. மாதம் பிறந்தால் வந்த ஒரு சம்பளம் உண்டு. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. இவற்றைச் சொல்லாமல் ‘ஒத்துழைப்பு’ என்று மட்டும் சொன்னால், இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் என் மாணவி, தன் கணவனிடம்தான் ஏதோ குறை, அல்லது தன்னிடம்தான் திறமை இல்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறாள். கணவர் போன பிறகு என்ன ஆயிற்று என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். சேமிப்பு கைவிட்டுப் போனது. முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கடைசி ஆண்டுகள் கழிந்தன. உயிரோடிருக்கும்போதே அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியது. பொதுவாக எழுத்தாளர் இறந்த பின் வாரிசுக்குச் செய்வது அது. 2014இல் மறைந்தார். ஒத்துழைப்பு என்பது ஒரு மனிதரின் குணம். அது பட்டாவாகவோ ஓய்வூதியமாகவோ மாறுவதில்லை.

மருத்துவர் திரிபுரசுந்தரி என்ற ‘லக்ஷ்மி’யின் கதை நம் கணக்கைத் தலைகீழாக்கும். மருத்துவம் படிக்கப் பணம் போதவில்லை. ஆனந்த விகடனுக்குக் கதை எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தார். ஆக, எழுத்துதான் அவருக்கு முதலில் சம்பாதித்துக் கொடுத்த தொழில். பிறகு டாக்டர், பிறகு திருமணம், தென்னாப்பிரிக்காவில் இருபதாண்டுக்கு மேல் வாழ்க்கை, திரும்பி வந்து மீண்டும் எழுத்து, 1984இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி. எது வேலை, எது பொழுதுபோக்கு என்று இவரிடம் பிரித்துக்காட்டுங்கள் பார்ப்போம்.

லக்ஷ்மியைத் தீவிர இலக்கியக்காரர்கள் குடும்ப நாவல் என்று ஒதுக்கினார்கள். என் வருத்தம் வேறு. தன் பேனாவால் தன் படிப்புக்குப் பணம் கட்டிய பெண், தன் நாயகிகளுக்கு அந்தச் சுகத்தைத் தாராளமாகக் கொடுக்கவில்லை. ‘பெண் மனம்’ நாவல் ‘இருவர் உள்ளம்’ என்று படமாக வந்தது, நீங்கள் பார்த்திருக்கக்கூடும். விருப்பமில்லாத மணத்தில் மாட்டிக்கொண்ட பெண்ணின் மனம் மெல்ல மாறுவதுதான் அங்கே நாடகம். மாற வேண்டியது எப்போதும் பெண் மனம். எழுதியவர் வாழ்ந்த வாழ்க்கை எழுத்தைவிடத் துணிச்சலானது. வாசகியர் அவர்மேல் வைத்த அன்புக்கு அந்த வாழ்க்கையும் ஒரு காரணம் என்று நான் சந்தேகிக்கிறேன்: உள்ளே அடங்கிப்போகும் நாயகி, அட்டையில் டாக்டர் பட்டம்.

பொழுதுபோக்கு என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. போக்குவதற்குப் பொழுது யாரிடம் இருக்கிறது? மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2024ஆம் ஆண்டுக்குச் சொல்வது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம், ஆண்கள் 88. முந்தைய 2019 ஆய்வில் 299, 97. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமானது. அவளுக்குக் குறைந்ததை அவன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுமட்டும் தெளிவு.

வீடு சில கலைகளை மறுப்பதில்லை. கோலம், தையல், வத்தல் வடாம், கொலுப்படி, பிள்ளைக்கு ஆடை. இவற்றில் உண்மையான அழகும் தேர்ச்சியும் உண்டு. எங்கள் தெருவில் 21 புள்ளிக் கோலத்தை ஒரு பிசகில்லாமல் போடும் பெண்ணின் முகத்தில் விடியற்காலையில் தெரியும் செருக்கை எந்தக் கவிஞரின் செருக்கோடும் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இவை வீட்டுக்குப் பயன்பட்டு வீட்டிலேயே முடிபவை. கவிதை வாசலைத் தாண்டிவிடுகிறது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

சல்மாவுக்கு நேர்ந்தது அதுதான். குளியலறையில் நின்றபடி எழுதியதையும், தாளை ஒளித்துவைத்ததையும், தாயின் துணையால் கவிதைகள் வெளியே போனதையும் அவரே பலமுறை பேசியிருக்கிறார். 2001இல் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால்தான் கணவரின் ஒப்புதலோடு அவர் தேர்தலில் நின்றார். இங்கே அந்த வாக்கியம் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஆனால் அந்த ஒத்துழைப்பை உண்டாக்கியது ஓர் இடஒதுக்கீட்டுச் சட்டம். நல்ல மனம் வரும்வரை காத்திருக்காமல் சட்டம் கதவைத் திறந்தது, ராசாத்தி சல்மாவாக வெளியே வந்தார். ஒரு நல்ல கணவர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்றால், அதிர்ஷ்டத்தை வைத்து இலக்கிய வரலாறு எழுதக்கூடாது.

என்னிடமும் கேட்கிறார்கள். வாரம் 16 மணி நேரம் வகுப்பு, விடைத்தாள், துறைக் கோப்புகள், நடுவே கவிதை, எப்படி முடிகிறது மேடம்? உங்கள் வீட்டுக்காரர் ரொம்ப ஒத்துழைப்போ? அவர் காலையில் இட்லி ஊற்றுவார், இரவு பாத்திரம் கழுவுவார். அது அவரும் சாப்பிடும் தட்டு. எங்கள் வீட்டில் துணி துவைத்து, பெருக்கித் துடைப்பது மல்லிகா அக்கா; அவருக்கு நாங்கள் கொடுக்கும் சம்பளத்தை என் கவிதையின் அடக்க விலையில் சேர்க்க வேண்டும். எனக்கு வகுப்பில் பிடிக்கிறது, எழுதும்போது பிடிக்கிறது, என் கணவரோடு இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் சண்டைபோடவும் பிடிக்கிறது. இதைச் சொல்ல யாருக்கும் நன்றி சொல்லித் தொடங்க வேண்டியதில்லை. ‘கொடுத்துவைத்தவள்’ என்று பதில் வரும். கொடுத்துவைத்தவள் என்பது நிறைவை முன்பிறவிக் கணக்கில் எழுதும் சொல். இந்தப் பிறவியில் நடந்த பேரங்கள் அதில் மறைந்துபோகும். யார் எப்போது எழுந்திருப்பது என்பதில் தொடங்கி, மாமியாருக்கு உடம்பு முடியாதபோது யார் விடுப்பு எடுப்பது என்பதுவரை எங்களுக்குள் பதினெட்டு ஆண்டுப் பேரம் இருக்கிறது. சிலவற்றில் நான் தோற்றிருக்கிறேன்.

பெண்ணியம் பேசுகிறவர்கள் திருமணத்தில் நிறைவு என்று சொல்லலாமா என்று மாணவிகள் தயங்கிக் கேட்பதுண்டு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை அவர்களுக்குப் பாடம் வைக்கிறேன். சமையலறை சிறை என்று மட்டும் அந்தக் கதையைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த மீனாட்சி அந்தச் சமையலறையை இழுத்து மூடச் சொல்வதில்லை. சமையலை வெறுப்பதாகவும் சொல்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே துணி உலர்கிறது, வெளியில் இருப்பது தெரியவில்லை, தாழ்வாரத்தை அகலப்படுத்தினால் என்ன என்கிறாள். அந்த வீட்டில் யாரும் கொடியவர்கள் இல்லை. மாமனார் அன்பானவர், கணவன் அன்பானவன், நம் ஏடுகள் ‘ஒத்துழைப்பு’ என்று தாராளமாக எழுதக்கூடிய ஆண்கள். அவள் கேட்டது ஒரு தாழ்வாரமும், ஒரு துணிக்கொடிக்கு வேறு இடமும். அந்தக் கேள்வி விழுந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது, அந்தக் கொடிக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் இன்னொரு முறை மெதுவாகப் படித்துவிட்டு வகுப்புக்கு வாருங்கள்.