விகாரப் படைப்பும் படைத்தவன் பொறுப்பும்

அறிவியற் புனைகதைகளில் வரும் விகார உருவங்களைத் திருச்சபை வாசகர் இருவகையில் ஒதுக்கிவிடுவதுண்டு. சிறுவருக்கான வேடிக்கை என்பர் சிலர். கடவுளோடு போட்டியிடும் ஆணவம் என்பர் வேறு சிலர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்பதே நம் கருத்து. மனிதன் உயிரைப் படைக்கலாமா என்னும் வினாவோடு இக்கதைகள் நின்றுவிடவில்லை. படைத்தபின் அவன் என்ன செய்தான் என்றும் அவை கேட்கின்றன.

இவ்வகைக்கு முன்னோடியாகிய மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818-இல் வெளிவந்தது. பிணங்களின் உறுப்புகளைத் திரட்டி ஓர் உருவத்தை உயிர்ப்பிக்கிறான் ஓர் இளைஞன். அது கண் திறந்த அந்த இரவிலேயே, அதன் தோற்றத்திற்கு அஞ்சி ஓடிவிடுகிறான். அதன் கொடுமைகள் யாவும் அந்தக் கைவிடுதலுக்குப் பின் நிகழ்பவை. அதற்கு அவன் ஒரு பெயரும் இடவில்லை. படைத்தவனின் பெயராலேயே இன்று பலரும் அதனை அழைக்கின்றனர். தந்தை மறுத்த உறவை உலகம் அறியாமலே வழங்கிவிட்டது எனலாம்.

இந்த அளவுகோலைக் கொண்டு தமிழ்ப் படைப்புகளை நோக்குவோம். 2010-இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தில் இயந்திர மனிதனுக்குப் பெயர் உண்டு. சிட்டி என்று பெயரிடுபவரோ விஞ்ஞானியின் தாய். ஆயினும் அது தன் எண்ணத்திற்கு இணங்காதபோது விஞ்ஞானி அதனை வெட்டிக் குப்பைமேட்டில் எறிந்துவிடுகிறார். பெயர் இட்டதால் மட்டும் பொறுப்பு நிறைவேறிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுவதில்லை. ஆனால் படம் இவ்விடத்தில் நில்லாமல் விலகுகிறது. பகைவன் பொருத்திய சிவப்புச் சில்லின்மேல் தீமை முழுவதும் சுமத்தப்படுகிறது. வெட்டி எறிந்த கை குற்றமற்றதாகிறது. படைப்பே தன் உறுப்புகளைத் தானே கழற்றிக்கொள்கிறது. கதையின் மிகுந்த துயரமும் அதன் பெரிய தப்பித்தலும் இதுவே.

2015-இல் வந்த ‘ஐ’ இதனினும் குறையுடையது. நோய்க்கிருமி செலுத்தப்பட்டு உருக்குலைந்த ஒருவன்மேல் நம் இரக்கத்தை அது முதலில் கோருகிறது. பின்னர் அவன் தன் பகைவரையும் விகாரமாக்கிப் பழி தீர்க்கும்போது நம்மை நகைக்கச் சொல்லுகிறது. உருக்குலைவு இங்கே தண்டனையாகிவிடுகிறது. பிறவிக் குருடனைக் கண்டு எவன் பாவம் என்று வினவிய சீடரின் மனநிலை இதுவன்றோ? உடற்குறையுடன் பிறந்த பிள்ளையைத் தோளில் சுமந்து ஆலயத்திற்கு வரும் தாய் நம் சபைகளில் உண்டு. அவள் செவியில் இந்த நகைப்பு எவ்வாறு ஒலிக்கும் என்று ஆயர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வேறு வழியில் செல்கிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நாவலில் ஜீனோ என்னும் இயந்திர நாய் விகாரமானதன்று. விளையாட்டுப் பொருளாக வந்து சிந்திக்கக் கற்றுக்கொள்வது. விகாரமோ பிறப்பையும் இறப்பையும் ஆணையால் அளக்கும் அரசில் இருக்கிறது. இயந்திரம் மனிதத் தன்மை பெற, மனிதர் இயந்திரமாகின்றனர். அஞ்ச வேண்டியது எதை என்பதை ஆசிரியர் சரியாகச் சுட்டியிருக்கிறார்.

அறிவியற் படைப்பு என்பது கொங்கு நாட்டிற்குப் புதிதன்று. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், நாணலை ஒத்த காட்டுக்கரும்பைச் சாறு மிகுந்த கரும்போடு கலந்து உருவாக்கிய ‘கோ 205’, 1918-இல் வயலுக்கு வந்தது. பொள்ளாச்சித் தோப்புகளில் நெட்டையும் குட்டையும் கலந்த தென்னைகள் நிற்கின்றன. அவற்றின் கன்றையும் நம் உழவர் தென்னம்பிள்ளை என்றே அழைக்கின்றனர். ஆராய்ச்சிக் கையால் பிறந்ததாயினும் அது பிள்ளையே. கலப்பினத்திற்கு நீரும் எருவும் கூடுதலாக வேண்டும் என்பதை அறிந்தே அதை நடுகின்றனர். உழவர் குற்றமற்றவர் என்று நாம் கூறவில்லை. பயன் தராத மரத்தை அவர்களும் வெட்டுவர். எனினும் நட்டவனே நீர் வார்க்க வேண்டும் என்னும் நெறி அச்சொல்லில் வாழ்கிறது. ஷெல்லியின் இளைஞன் அறியாதது இந்நெறியையே.

இன்று எழுதவும் உரையாடவும் வல்ல இயந்திரங்கள் நம் பிள்ளைகளின் கைகளில் உள்ளன. இவை குறித்துப் பிரசங்க பீடத்திலிருந்து அச்சத்தை மட்டும் விதைப்பது எளிது. இவற்றை உருவாக்குவோரும் விற்போரும், தாம் உருவாக்கியதன் விளைவுக்கு நின்று பதில் சொல்லுகிறார்களா என்று கேட்பதே கடினமானதும் தேவையானதுமான பணி. நல்ல புனைகதை அந்தக் கேள்விக்கு நம்மைப் பழக்குகிறது. விகார உருவத்தைக் காட்டிவிட்டு, அதைக் கைவிட்டவனை மறைத்துவிடும் கதையோ நம் மனச்சாட்சியை உறங்கவைக்கிறது. இவ்வேறுபாட்டை அறிந்து வாசிக்க நம் இளைஞருக்குக் கற்பிப்போமாக.