மிரட்டல் அழைப்பை எடுப்பவர்

1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டு, கொழும்பு விமானத்தில் ஏற்றப்பட வேண்டிய பெட்டிகளுக்குள் இருந்தது. வெடிப்பதற்கு முன்பே தொலைபேசியில் எச்சரிக்கை வந்துவிட்டது. அதைக் கள்ளக்கடத்தல்காரர்களின் தந்திரம் என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. சுமார் 30 பேர் இறந்தார்கள், பலர் இலங்கையர். இரு நாடுகளும் சேர்ந்து படித்திருக்க வேண்டிய பாடம் இது. ஆனால் இரண்டும் வேறு வேறு வழியில் போயின.

இலங்கைக்குக் குண்டு சொல்லிக்கொண்டு வரவில்லை. 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் வெடிமருந்து லொறி மோதியபோது அங்கே யாரும் முன்கூட்டி அழைத்துச் சொல்லவில்லை. அதனால் போர்க்காலக் கொழும்பு வாசலைக் காத்தது. பையைத் திறந்து காட்டுவது, வாகனத்தின் அடியில் கண்ணாடி பிடித்துப் பார்ப்பது, கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியைத் தொடாமல் பொலிஸுக்குச் சொல்வது எல்லாம் காரியாலய ஊழியர்களுக்கு அன்றாடப் பழக்கமாயின. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தப் பழக்கம் திரும்பியது.

இந்தியாவில் மிரட்டல்தான் அதிகம். 2024இல் மட்டும் பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகள், மே மாதம் தில்லிப் பள்ளிகள், அக்டோபரில் நூற்றுக்கணக்கான விமானங்கள். தகவல் போனதும் மோப்ப நாயும் வெடிகுண்டு நிபுணர்களும் வருகிறார்கள். மாலைக்குள் ‘புரளி’ என்று செய்தி வருகிறது. அப்படிக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போவதுதான் என்னை அச்சுறுத்துகிறது. விமான நிலையங்களில் மதிப்பீட்டுக் குழு கூடி, மிரட்டலில் விமான எண், இடம், நேரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று ஆராய்ந்து தரம் பிரிக்கிறது. சாதாரண அலுவலகத்துக்கு அந்த வசதி இல்லை.

அங்கே அழைப்பை எடுப்பவர் வரவேற்பு மேசையில் இருக்கும் இளம்பெண், இல்லையென்றால் இரவுக் காவலாளி. அவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? இணைப்பைத் துண்டிக்காமல் பேச்சை நீட்ட வேண்டும். எங்கே வைத்திருக்கிறாய், எப்போது வெடிக்கும், பார்க்க எப்படி இருக்கும், ஏன் வைத்தாய் என்று கேட்க வேண்டும். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, நேரத்தையும் திரையில் தெரியும் எண்ணையும் குறிக்க வேண்டும். குரலின் வயது, பேச்சு வழக்கு, பின்னணியில் கேட்கும் பேருந்து ஹாரனோ கோயில் மணியோ, எல்லாமே துப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசைக்காரருக்குச் சைகை காட்டினால், அவர் இந்தியாவில் 112க்கோ இலங்கையில் 119க்கோ சொல்லிவிடலாம்.

ஆட்களை வெளியேற்றும் முடிவை யார் எடுப்பது என்பதும் முன்பே தீர்மானமாக வேண்டும். மேலாளர் ஊரில் இல்லாத நாளிலும் அந்த அதிகாரம் ஒருவர் கையில் இருக்க வேண்டும். வெளியேறியவர்கள் வாகன நிறுத்துமிடத்தில் கூடக் கூடாது. குண்டு வைப்பவனுக்கு வசதியான இடங்களில் அதுவும் ஒன்று.