சூதின் பொருளும் பழமையின் காப்பும்

பழைய நகரொன்றைப் பேணுதற்குப் பொருள் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வருதல் வேண்டும், வந்தபின் எதற்குச் செலவிடப்படல் வேண்டும் என்னும் இரு வினாக்களும் பல நாட்டு நகரசபைகளிலே வாதிக்கப்பட்டு வருவன. பொருளின்மையே இவ்வாதத்தின் தோற்றுவாய் என்று நாம் எண்ணுதல் இயல்பு. ஆயின், பொருள் நிரம்பிய இடத்தும் வாதம் ஓயாதென்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தென் டக்கோற்றா மாநிலத்திலுள்ள டெட்வுட் என்னும் சிறு நகர் தக்க சான்றாகும். அந்நகரை முன்வைத்து, பேணல் நிதியம் எதனைப் பேணுதற்குரியது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கருங்குன்றுகள் எனப்படும் அம்மலைப்பகுதி 1868ஆம் ஆண்டின் லாரமிக் கோட்டை உடன்படிக்கையால் லக்கோட்டா மக்களுக்கு உரியதென ஒப்புக்கொள்ளப்பட்டது. 1874இல் அங்கே பொன் உண்டென்னும் செய்தி பரவவே, உடன்படிக்கையைப் புறக்கணித்துப் பொன்தேடுவோர் திரண்டு புகுந்தனர். 1876இல் டெட்வுட் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், வைல்ட் பில் ஹிக்கொக் என்னும் பெயர்பெற்ற துப்பாக்கி வீரன் அந்நகரின் மதுச்சாலையொன்றிலே சீட்டாடிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டான். 1961இல் நகர் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டது. பெருமை வந்தது, பொருள் வரவில்லை. கட்டடங்கள் நலிந்தன. 1987 டிசெம்பரில் நிகழ்ந்த தீயினால் நகரின் நடுவே ஒரு பகுதி அழிந்தது. 1988இல் மாநில மக்கள் வாக்களித்து இசைவு தர, 1989 நவம்பர் 1ஆம் நாள் அங்கே சூதாட்டம் சட்டபூர்வமாகத் தொடங்கிற்று. அதனால் வரும் வரியிற் பெரும்பங்கு நகரின் வரலாற்றுப் பேணலுக்கு ஒதுக்கப்பட்டது.

சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து அதனை விலக்கிய வள்ளுவரைப் பயின்ற நமக்கு இவ்வேற்பாடு நகைப்பை விளைவிக்கலாம். எனினும், சூதும் தம் நகரின் வரலாறே என அதனை ஆதரித்தோர் கூறினர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. அப்பொருள் கொண்டு ஹிக்கொக் அடக்கஞ் செய்யப்பட்ட மொறாயா மலைக் கல்லறைத் தோட்டம் செப்பமிடப்பட்டது. பழைய இல்லங்களின் உடைமையாளர் கடனும் உதவியும் பெற்றனர். மலைச்சரிவிலே வீடுகளைத் தாங்கும் கற்சுவர்கள் திருத்தப்பட்டன. நகரின் பழைய ஆவணங்கள் காக்கப்பட்டன. இவை சிறு பணிகள் அல்ல.

அங்ஙனமாயின் வாதம் எங்கே எழுகின்றது? தெருவுக்குச் செங்கல் பாவுதலும், நீர்க்குழாய் இடுதலும், வாகனத் தரிப்பிடம் அமைத்தலும் வரலாற்றுப் பேணல் ஆகுமா என்பதிலேயே எழுகின்றது. பழங்கட்டடத்தைத் தொடாத செலவு எதுவும் ஆகாது என்பார் ஒரு சாரார். நகர் வாழ்ந்தாலன்றிக் கட்டடம் வாழாது என்பார் மற்றொரு சாரார். முன்னையோர் தீயை மறந்தனர். மரக்கட்டடம் மலிந்த ஊரிலே நீர்க்குழாயும் காப்பே. பின்னையோரோ எல்லையை மறந்தனர். வருவோர் தொகையைப் பெருக்குதல் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட செலவு வாணிகச் செலவாமேயன்றிப் பேணற் செலவாகாது. ஒரு செலவு நிகழாதொழியின் பழம்பொருள் எதுவும் கெடுமா என வினாவுதலே இவ்விரண்டையும் பிரித்தறியும் உரைகல்லாகும்.

இவ்வுரைகல்லும் போதாதவிடம் ஒன்றுண்டு. பேணற் சட்டங்கள் பெரிதும் புறச்சுவரையே காப்பன. டெட்வுட்டின் பெருந்தெருவிலே முகப்புகள் நின்றன. உள்ளிருந்த அன்றாடக் கடைகள் பல அகன்று, அவ்விடங்களிற் சூதுப்பொறிகள் அமர்ந்தன. தொடக்கத்தில் 5 டொலராயிருந்த பந்தய உச்சவரம்பு 2000இல் 100 டொலராகவும் 2012இல் 1000 டொலராகவும் உயர்ந்தது. மதுச்சாலையின் மூலையிற் கிடந்த சீட்டாட்ட மேசை வேறு. ஊரையே தாங்கும் தூணாக அமைந்த சூது வேறு. காப்பவனைக் காக்கப்படுவது சார்ந்து நிற்பின், காப்பவனை மறுத்துப் பேசும் வலிமையை அது இழந்துவிடும்.

1991இல் இவ்வழியைப் பின்பற்றிய கொலறாடோ மாநிலம் ஒரு திருத்தம் செய்தது. சூதாட்ட வரியில் 28 வீதம் மாநில வரலாற்று நிதியத்தைச் சேரும். அதிலே 20 வீதம் மட்டும் சூது நடைபெறும் மூன்று ஊர்களுக்கும் மீளும். எஞ்சிய 80 வீதத்திலிருந்து மாநிலமெங்கும் விண்ணப்பித்தோரின் தகுதிநோக்கி உதவி வழங்கப்படும். ஈட்டுவோனும் செலவிடுவோனும் ஒருவராகாமை இதன் சிறப்பு. ஆயினும், அம்மூன்றனுள் ஒன்றாகிய பிளக் ஹோக்கிலே பெரிய சூதாட்ட மனைகள் எழுந்தன. 1863இற் கட்டப்பட்ட லேஸ் இல்லம் என்னும் மனை 2008இல் தன் நிலைக்களம் விட்டுப் பெயர்த்து வைக்கப்பட்டது. ஏனைய ஊர்கள் பெற்ற நன்மைக்கு இவ்வூர் விலை கொடுத்தது எனல் பொருந்தும்.

மீண்டும் டெட்வுட்டை நோக்குவாம். அங்கே ஒருகாற் சீனர் தெரு ஒன்று சிறந்திருந்தது. 2001 முதல் 2004 வரை நகரின் பேணற்குழு அவ்விடத்தை அகழ்ந்தாராயச் செய்தது. ஆயின், சீன வணிகர் ஒருவரின் பெயரால் நிலவிய விங் சூ கட்டடம் 2005இல் இடிக்கப்பட்டது. பொருள் இருந்தும் சுவர் வீழ்ந்தது. லக்கோட்டா மக்களுக்கோ அத்தெருவிலே சுவரேயில்லை; அவர் இழந்தது நிலம். 1980இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்த இழப்பீட்டை அவர்கள் ஏற்காது நிலத்தையே வேண்டி நிற்கின்றனர்.

ஆதலின், கணக்கேட்டிலே ஒவ்வொரு டொலரும் விதிப்படி செலவாயிற்று எனக் காட்டுதல் மட்டும் நிதியத்தின் நேர்மையை நிறுவாது. எவருடைய நினைவு பேணப்பட்டது, எவருடையது விடுபட்டது என்பதும் அக்கணக்கில் ஏறல் வேண்டும். சூதரும் துப்பாக்கி வீரரும் ஏற்கெனவே புகழ் பெற்றவர். கட்டடம் விட்டுச் செல்லாதார்க்கு ஆவணமும் அகழாய்வும் வாய்மொழிச் சான்றுமே மனைகளாம். அவற்றிற்கு முதற்பங்கு ஒதுக்கும் நகரே தன் வரலாற்றைப் பேணிற்று என்னும் உரிமைக்கு உரியதாகும்.