ஹீத்கிளிஃபாக நிற்பது யார்?

எமரால்ட் ஃபென்னல் தன் படத்துக்கு ஜேக்கப் எலோர்டியைத் தேர்ந்தெடுத்தபோது, ஹீத்கிளிஃப் வெள்ளையனா என்ற பழைய வழக்கு மறுபடி கிளம்பியது. எமிலி பிரான்டேயின் ‘வதரிங் ஹைட்ஸ்’ (1847) இதற்குப் பாதிப் பதில்தான் சொல்கிறது. லிவர்பூல் தெருவில் பட்டினியாகக் கிடந்த கருத்த சிறுவன். அவன் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. அண்டைவீட்டு லின்டன் அவனைப் பார்த்ததும் லஸ்கராக இருக்குமோ என்கிறார். கப்பல் வேலைக்குப் போன நம் பக்கத்து ஆட்களுக்கு அன்றைய ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. (தமிழகத்தில் மதகு திறக்கும் நீர்வளத்துறை ஊழியரும் லஸ்கர்தான்.) அவன் பிறப்பைப் பிரான்டே கடைசிவரை சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு அவன் அந்நியன் என்பதில் மட்டும் சந்தேகமே வைக்கவில்லை.

ஆகவே இந்த வேடத்தில் நான் தேடுவது அழகையோ உருக்கத்தையோ அல்ல. அந்த வீட்டில் அவன் இடமில்லாதவனாக நிற்க வேண்டும். பிறகு அதே வீட்டுக்கு எஜமானாகி நம்மை நடுங்கவைக்க வேண்டும்.

வில்லியம் வைலரின் 1939 படத்தில் லாரன்ஸ் ஒலிவியர் இரண்டையும் செய்யவில்லை. லாயத்துக் கண்ணாடியில் கைகளைக் குத்திக் கிழித்துக்கொள்ளும் காட்சியில் அவர் அபாரம்தான். ஆனால் வலிக்கிறது அவருக்கே. பிறருக்கு வலிக்கச் செய்யும் மனிதனை அங்கே காணோம். திரைக்கதை நாவலின் இரண்டாம் தலைமுறையையே வெட்டிவிட்டது. நாய்க்குட்டியைத் தூக்கில் மாட்டியவன், சூதாடி ஹிண்ட்லியிடம் அடமானம் வாங்கியே வீட்டைப் பிடித்தவன், அவன் மகனுக்கு எழுத்தறிவே வாய்க்காமல் வளர்த்தவன் - இவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காதல் தோல்வி மட்டுமே. நம் தேவதாஸ்களுக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்துவிடலாம்.

ரால்ஃப் ஃபைன்ஸ் (1992) அந்த எஜமானைக் கொண்டுவருகிறார். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளை அவர் பார்க்கும் பார்வையில் வட்டிக்கணக்கு ஓடுகிறது. படம் தளர்வானது, அவர் தளரவில்லை. ஆனால் இப்படி ஒருவரை அந்த வீட்டார் ஏன் விரட்டினார்கள் என்றுதான் புரிவதில்லை.

ஆண்ட்ரியா ஆர்னால்டின் 2011 படத்தில் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் ஹௌசன் நடித்தபோது அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. அவர் நடிப்பில் விறைப்பு அதிகம் என்பது நியாயமான குறை. எனக்கு அந்த விறைப்பு வேண்டியிருந்தது. பணத்தோடு திரும்பி வந்தவனின் தோள்கள் இன்னும் இறங்கவில்லை. பதவி உயர்ந்தபின்னும் கூட்ட அறையில் ஓர நாற்காலியைத் தேடுபவர்களை நாம் அலுவலகங்களில் பார்க்காததா? காத்தியின் மரணத்துக்குப் பின் ஆர்னால்டும் அதிக தூரம் போகவில்லை. அடிவாங்கிய அந்தச் சிறுவன் இன்னொரு சிறுவனை அதே சேற்றில் தள்ளுவதை ஹௌசன் எப்படி நடித்திருப்பார் என்று பார்க்க எனக்கு ஆசை. அந்தப் பக்கங்களை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.