சூக்கோவின் மீட்சி: தொலைக்காட்சித் தொடரும் வரைகதைகளும்

சூக்கோ, ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் அமெரிக்க அனிமேஷன் தொடரின் முதன்மைக் கதாபாத்திரங்களுள் ஒருவன். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனீட்ஸ்கோ ஆகியோர் உருவாக்கிய இத்தொடர், நிக்கலோடியன் அலைவரிசையில் 2005 முதல் 2008 வரை மூன்று பருவங்களில் 61 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. நெருப்பு நாட்டின் இளவரசனான சூக்கோ எதிரியாக அறிமுகமாகி, தொடரின் முடிவில் நாயகன் ஆங்கின் தோழனாகவும் நாட்டின் அரசனாகவும் ஆகிறான். அவன் கதை 2012 முதல் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் வெளியிட்ட வரைகதைகளில் தொடர்கிறது.

எதிர்நாயகன் திருந்தும் கதைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகத் தொடர் அடிக்கடி சுட்டப்படுகிறது. ஆனால் சூக்கோவின் அடிப்படைச் சிக்கல் அவன் தவறான பக்கத்தில் நின்றது மட்டுமல்ல. தான் யார் என்பதற்கான தீர்ப்பை எப்போதும் வேறொருவரிடம் எதிர்பார்த்ததும் ஆகும். தொடர் இச்சிக்கலைப் பாதி தூரம் தீர்க்கிறது. மீதியை வரைகதைகளே எடுத்துக்கொள்கின்றன.

தொடரில் சூக்கோ

பதின்மூன்று வயதில் சூக்கோ போர் ஆலோசனை அவையில் அமர்கிறான். புதிதாகச் சேர்ந்த வீரர்களின் படைப்பிரிவைப் பலிகொடுத்து எதிரியை வீழ்த்தலாம் என்று தளபதி ஒருவர் சொல்லும்போது எதிர்த்துப் பேசுகிறான். அதற்குத் தண்டனையாக ‘அக்னி காய்’ எனப்படும் நெருப்புப் போருக்கு அழைக்கப்படுகிறான். எதிரே வந்து நிற்பவர் அவன் தந்தை ஓசாய். சண்டையிட மறுத்து மண்டியிடும் மகனின் முகத்தைத் தந்தை சுட்டு, நாடு கடத்துகிறார். அவதாரைப் பிடித்து வந்தால் மட்டுமே திரும்பலாம் என்பது நிபந்தனை.

இந்தப் பின்கதை முதல் பருவத்தின் நடுவில்தான் சொல்லப்படுகிறது. அதன்பின் சூக்கோ ஓயாமல் உச்சரிக்கும் ‘மானம்’ என்ற சொல்லின் பொருள் பார்வையாளருக்கு மாறிவிடுகிறது. அவன் இழந்ததாக நினைப்பது மானம். உண்மையில் இழந்தது தந்தையின் அங்கீகாரம். அவையில் வீரர்களுக்காகப் பேசிய சிறுவனிடம் மானம் முன்பே இருந்தது.

இரண்டாம் பருவம் இக்கதையின் முக்கியமான துணிவு. பா சிங் சே நகரில் அகதியாக வாழ்ந்து, சிற்றப்பன் போல் அல்லாமல் தந்தைக்கு மூத்தவரான பெரியப்பா ஐரோவின் தேநீர்க் கடையில் வேலை செய்து, மெல்ல மாறிவரும் சூக்கோ, பருவத்தின் இறுதியில் தங்கை அசூலாவின் பக்கம் சேர்ந்துவிடுகிறான். ஐரோ சிறைப்படுகிறார். மூன்றாம் பருவத் தொடக்கத்தில் அவன் கேட்டதெல்லாம் கிடைக்கிறது: அரண்மனை, தந்தையின் பாராட்டு, மக்களின் வாழ்த்து. கிடைத்த பிறகுதான் அவற்றால் தன் அமைதியின்மை தீரவில்லை என்பதை உணர்கிறான். தோல்வியால் அல்லாமல், விரும்பியதை அடைந்த பின் அதைத் துறப்பதால் அவன் மாற்றம் நம்பும்படி அமைகிறது.

மன்னிப்பும் எளிதில் கிடைப்பதில்லை. ஆங்கின் குழு அவனை முதலில் விரட்டுகிறது. அவனிடம் ஒருமுறை இரக்கம் காட்டி ஏமாந்த கட்டாராதான் கடைசியாக மன்னிக்கிறாள். கோபத்தைக் கைவிட்டதும் அவனது நெருப்பாற்றல் குறைந்துபோகிறது. அதை வேறொரு மூலத்திலிருந்து புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் தொடர் முடிசூட்டு விழாவோடு நிறைவுபெறுகிறது. திருந்தியவனுக்கு அரியணை பரிசுபோல அமைந்துவிடுகிறது. நூறாண்டுப் போர் நடத்திய நாட்டை ஆளும் பதின்பருவத்தினன் அன்றாடம் என்ன செய்வான் என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது.

வரைகதைகளில் சூக்கோ

ஜீன் லுயென் யாங் எழுதி, குரிஹிரு இணையர் வரைந்த ‘தி பிராமிஸ்’ (2012) இக்கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தான் தந்தையைப் போல் ஆகிவிட்டால் தன்னைக் கொல்ல வேண்டும் என்று சூக்கோ ஆங்கிடம் வாக்குப் பெறுகிறான். இது பணிவு போலத் தோன்றினாலும் பழைய நோயின் புதிய வடிவமே. முன்பு தந்தை நீதிபதியாக இருந்தார், இப்போது நண்பன். தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் அச்சம் அப்படியே இருக்கிறது.

அடுத்து வரும் யூ டாவ் சிக்கல் இதைக் கூர்மையாக்குகிறது. மண் அரசின் நிலத்தில் நெருப்பு நாடு அமைத்த அந்தக் குடியேற்ற நகரைக் காலிசெய்வது அமைதித் திட்டத்தின் பகுதி. ஆனால் அங்கே தலைமுறைகளாக இரு இனத்தவரும் மணவுறவு கொண்டு வாழ்கிறார்கள். வெளியேற்றினால் குடும்பங்கள் பிளவுபடும். விட்டுவைத்தால் ஆக்கிரமிப்பை ஏற்றதாகும். எது நல்ல பக்கம் என்று தெரிந்திருந்த தொடரில் சூக்கோ சந்திக்காத நிலை இது. குழப்பத்தில் அவன் சிறையிலிருக்கும் தந்தையிடமே இரகசியமாக ஆலோசனை கேட்கச் செல்கிறான்.

‘தி சர்ச்’ (2013) தாய் உர்சாவைத் தேடும் கதை. தான் ஓசாயின் மகன் அல்லன் என்று சொல்லும் கடிதமொன்று சூக்கோவுக்குக் கிடைக்கிறது. தன்னுள் இருக்கும் தீமைக்கு இரத்தமே காரணம் என்றால், அந்த இரத்தம் தன்னுடையதல்ல என்பதே விடுதலையாகலாம். கடிதம் பொய் என்று தெரியவரும்போது அந்த வழியும் மூடப்படுகிறது. ஓசாயின் மகனாகவே அவன் நல்லவனாக இருக்க வேண்டும்.

‘ஸ்மோக் அண்ட் ஷேடோ’ (2015–2016) அரசனான சூக்கோவைச் சோதிக்கிறது. குழந்தைகள் கடத்தப்படும்போது அச்சத்தில் அவன் கடுமையான கட்டுப்பாடுகளை விதிக்கிறான். ஆங்கின் தண்டனைக்குக் காத்திராமல், இறுதியில் மக்கள் முன் நின்று தன் பிழையை ஏற்கிறான். ‘தி பிராமிஸ்’ கதையில் அவனால் முடியாதது இது.

மதிப்பீடு

வரைகதைகளில் குறைகள் உள்ளன. உர்சா முகத்தையும் நினைவையும் இழந்து வாழ்ந்தாள் என்னும் தீர்வு, குழந்தைகளை விட்டுப் பிரிந்த தாயின் குற்றவுணர்வை எழுத வேண்டிய தேவையைத் தவிர்த்துவிடுகிறது. அசூலாவின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அதே தந்தையால் வேறுவிதமாகச் சிதைக்கப்பட்ட பதினான்கு வயதுப் பெண் அவள். சூக்கோவுக்கு ஐரோ இருந்தார். அவளுக்கு யாரும் இல்லை. கதைக்கு எதிரி தேவைப்படும்போதெல்லாம் அவள் திரும்ப அழைக்கப்படுகிறாள்.

இக்குறைகளுக்கு அப்பாலும் வரைகதைகள் தொடரின் முடிவைத் திருத்தமாக வாசிக்க உதவுகின்றன. தொடரை மட்டும் பார்ப்பவருக்கு மீட்சி என்பது சூக்கோ முடிசூடும் நாளில் முடிந்துவிட்ட நிகழ்வு. வரைகதைகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு, மன்னிக்கப்பட்ட பின்னும் அதிகாரம் கையிலிருக்கும் ஒருவன் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை அது.