பெட்டித் தேனை ருசி பார்ப்பது எப்படி?

இந்தியத் தேனீ குடியிருக்கும் ஒரு பெட்டி, பூ நன்றாகப் பூத்த ஆண்டில் 5 முதல் 8 கிலோ வரை தேன் கொடுக்கும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு ஓரங்களில் பொழுதுபோக்காக மூன்று நான்கு பெட்டி வைத்திருப்பவர் வீட்டில், கோடை முடிவதற்குள் 15, 20 கிலோ சேர்ந்துவிடும். ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கத் தொட்டுக்கொண்டாலும் அதில் பாதி தீராது. மிச்சத்தை ஒரே தூக்குவாளியில் ஊற்றிக் கலந்து, பாட்டில்களில் அடைத்து, சொந்தபந்தங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது வழக்கம். கொடுப்பதில் குறை ஒன்றுமில்லை. கலக்கும்போதுதான் நஷ்டம்.

இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே மேய்கிறது. ஆகவே ஒரு பெட்டியில் பங்குனியில் எடுத்த தேன், அந்தத் தோப்பைச் சுற்றி அந்த மாதம் பூத்தவற்றின் தேன். பெரிய நிறுவனங்கள் பல மாநிலங்களில் கொள்முதல் செய்து, ஆண்டு முழுதும் ஒரே நிறம், ஒரே ருசி வரும்படி கலந்து விற்கின்றன. அவர்களால் ஒரு தோப்பின் ஒரு மாதத் தேனைத் தனியே எடுத்துத் தர முடியாது. நான்கு பெட்டிக்காரரால் முடியும். உபரித் தேனை என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு முதல் பதில், அதை எடுப்பு வாரியாகத் தனித்தனியே வைத்து ருசி பார்ப்பதுதான். பரிசு, விற்பனை, ஊறல் எல்லாம் அதற்குப் பிறகு.

ருசி பார்க்கும் தகுதி தேனுக்கு அடையிலேயே வந்துவிட வேண்டும். தேனீ கொண்டுவரும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர். இறக்கையால் விசிறி அதை வற்றவைத்து, பக்குவம் வந்தபின் அறையை மெழுகால் மூடுகிறது. பெட்டியின் மேலடுக்கான தேன் அறையில், அடை கட்டிய சட்டத்தில் முக்கால் பங்காவது மூடியிருந்தால்தான் எடுக்கலாம். திறந்த அறைகள் மிகுந்த சட்டத்தைக் கிடையாகப் பிடித்து உதறும்போது துளிகள் தெறித்தால், அது இன்னும் தேனாகவில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேனுக்குப் பொதுவாக வைத்திருக்கும் ஈரப்பத வரம்பு 20 சதவீதம். இந்தியத் தேனீயின் தேன் இயல்பாகவே அந்த வரம்பை ஒட்டியோ சற்றுத் தாண்டியோ நிற்கும். அவசரப்பட்டு எடுத்தாலும் மழைநாளில் எடுத்தாலும் ஈரம் இன்னும் ஏறும். சில வாரங்களில் நுரைத்துப் புளித்துவிடும். கையடக்க ஒளிவிலகல்மானி ஒன்று இருந்தால் ஒரு சொட்டில் ஈரப்பதம் தெரிந்துவிடும். பெட்டி வைத்திருப்பவர் காசு போட்டு வாங்கவேண்டிய கருவி என்றால் அது இதுதான்.

இந்த வட்டாரத்துத் தேனுக்கு அடித்தளம் தென்னை. மாதத்துக்கு ஒரு பாளை என்ற கணக்கில் ஆண்டு முழுதும் அது பூத்துக்கொண்டே இருப்பதால், எந்த மாதத்துப் பாட்டிலிலும் அதன் பங்கு இருக்கும். அதன் மேல் பருவங்கள் வந்து படிகின்றன. தை, மாசியில் மா பூக்கிறது. தோப்பு முழுதும் பூவாக நின்றாலும் மாம்பூவை நாடி வருபவை பெரும்பாலும் ஈக்கள்தான். மாந்தோப்பில் பெட்டி வைத்ததால் மட்டும் அது மாம்பூத் தேன் ஆகிவிடாது. பங்குனி, சித்திரையில் வேம்பு, புங்கை, நாவல். நாவல் சேர்ந்த தேனில் துவர்ப்பும், வேம்பு சேர்ந்ததில் மெல்லிய கசப்பும் தட்டும். அடுத்து வரும் புளி, பொன்னிறத்தையும் லேசான புளிப்பையும் கொடுக்கிறது. ஊருக்குக் கிழக்கே கண்மாய்க் கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம், வெளிர் நிறத்தில் அழுத்தமில்லாத ருசியுள்ள தேன் தரும். அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போன மரம் அது. தேனீக்கு அந்தப் பகை தெரியாது.

பருத்தி தனி வகை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. பருத்திச் செடி பூவில் மட்டுமல்லாமல் இலையின் அடி நரம்பிலும் மது சுரக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தேனும் இப்படித்தான்: இலையுதிர்ந்து தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரப்பதையே தேனீ சேர்க்கிறது. மார்த்தாண்டம் தேன் என்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு அதுதான். பருத்தியும் ரப்பரும் வெளிர் நிறம், மென்மையான ருசி, சீக்கிரம் உறையும் குணம் என மூன்றிலும் ஒத்துப்போகும். பருத்திக்காட்டுப் பக்கம் பெட்டி வைப்பவர்கள் மருந்தடிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தேனைப் பற்றிப் பேச தேனீயே மிஞ்சாது.

ஒவ்வொரு எடுப்பிலும் கால் கிலோவையாவது கண்ணாடிக் குப்பியில் தனியே பிரித்து வைத்து, எடுத்த தேதியையும் தோப்பையும் எழுதி ஒட்ட வேண்டும். பூவின் பெயரை எழுதுவதில் அவசரம் வேண்டாம். தேனில் மிதக்கும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது மிகுந்தது என்று உறுதியாகும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற இடங்களில் மகரந்த ஆய்வு நடக்கிறது. வீட்டில் எழுத முடிந்தது ‘சித்திரை, கிழக்குத் தோப்பு, வேம்பு பூத்திருந்தது’ என்பதுதான். அது போதும். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் தேன் தங்கக் கூடாது. தேனீயின் நொதி குளுக்கோஸின் ஒரு பகுதியை அமிலமாக மாற்றுவதால் தேன் மோரைப் போலவே அமிலத்தன்மை உடையது. உலோகத்தைத் தின்று உலோகமாகவே ருசிக்கும்.

ருசி பார்க்க நல்ல நேரம் காலை, காப்பி குடிப்பதற்கு முன். நாலைந்து குப்பிகள் போதும். அதற்கு மேல் போனால் நாக்கு சோர்ந்து எல்லாம் ஒன்றுபோல் இனிக்கும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தை நோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் கறுத்த தேனின் அழுத்தம் அடுத்ததை மறைத்துவிடும். ஒவ்வொன்றிலும் அரை டீஸ்பூன் எடுத்துச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தை உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்தால் மணம் மேலே எழும். ராஜபாளையத்து வெயிலில் இந்த வேலையைக் காற்றே செய்துவிடுகிறது. முதலில் முகர வேண்டும். பிறகு நாக்கில் வைத்து, வாயை மூடி, அண்ணத்தில் பரப்பி, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விட வேண்டும். பூவின் மணம் பிடிபடுவது இந்த வெளிமூச்சில்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு உண்டால் எந்தத் தேனும் வெறும் பாகு.

முதல் சில நொடிகள் இனிப்பு எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். அப்போது எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இனிப்பு இறங்கும்போது புளிப்பு தெரியும். அதற்குப் பின் பூவோ, காயோ, மண்ணோ ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும். விழுங்கியபின் தொண்டையில் நிற்கும் லேசான கரகரப்பும், ஒரு நிமிடம் கழித்து மிஞ்சும் ருசியும் கடைசியாகக் கவனிக்க வேண்டியவை. அடுத்த குப்பிக்குப் போகுமுன் ஒரு பிடி பொரியும் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீரும் நாக்கைத் துடைத்துவிடும். இத்தாலியில் இதற்கென்று பயிற்சி பெற்ற தேன் ருசிப்பாளர்களுக்குத் தேசியப் பதிவேடே இருக்கிறது. அவர்களுடைய சொற்பட்டியலை இங்கே இரவல் வாங்கத் தேவையில்லை. பனங்கற்கண்டு, வெல்லப்பாகு, நன்னாரி, வேப்பம்பூ ரசம், புளியம்பிஞ்சு, நனைந்த வைக்கோல் என்று வீட்டு நாக்குக்குத் தெரிந்த சொற்களே போதும். தோன்றிய சொல்லைக் குப்பியிலேயே எழுதி வைத்தால், இரண்டு மூன்று பருவங்களில் தோப்புக்கு ஒரு ருசிக் குறிப்பேடு தயாராகிவிடும்.

குறைகளும் இதே முறையில் பிடிபடும். புகை வாடை வந்தால் பெட்டியைத் திறக்கும்போது புகையூட்டியை அதிகம் இயக்கியிருக்கிறார்கள். கருகிய சர்க்கரை வாசம் வந்தால் தேன் அடுப்பைக் கண்டிருக்கிறது. கள் வாடையும் நுரையும் ஈரம் மிகுந்ததன் அடையாளம். புளித்த தேனும் முன்னோர்களுக்கு வீணாகவில்லை. மூங்கில் குழாயில் விளைந்த தேன் தேறலைச் சங்க இலக்கியம் பேசுகிறது. இன்றைய மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் அதை வீட்டில் வேண்டுமென்றே செய்துபார்க்க இடமில்லை.

தேன் உறைந்தால் சர்க்கரை கலந்தது என்று சந்தேகப்படுவது பரவலான தவறு. தேனில் கரைந்துள்ள குளுக்கோஸ் அளவுக்கு மிஞ்சியது என்பதால் அது படிகமாகப் பிரிகிறது; குளுக்கோஸ் கூடிய தேன் சீக்கிரம் உறையும். உறைவதற்கு ஏற்ற வெப்பநிலை சுமார் 14 டிகிரி. மலையடிவாரத்து மார்கழி இரவும் அவ்வளவு இறங்குவது அரிது என்பதால் இங்கே உறைவது மெதுவாகவும், அதனாலேயே நறநறவென்ற பெரிய படிகங்களாகவும் நடக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைஸ் 1930-களில் ஒரு வழி கண்டார்: நைசாக உறைந்த தேனில் பத்தில் ஒரு பங்கைப் புதுத் தேனில் கலந்து குளிரில் வைத்தால் முழுதும் வெண்ணெய்ப் பதத்தில் உறையும். ஸ்ரீவில்லிபுத்தூரில் செய்தாலும் வரும். குளிர்பெட்டியை விட்டு வெளியே எடுத்து வைத்தால் வெயிலில் இளகிவிடும் என்பதுதான் தொல்லை. உறைந்ததை இளக்க, குப்பியைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் போதும். அடுப்பில் வைத்தால் மணம் போய்விடும்.

பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பெட்டித் தேனின் குணம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒப்பிட ஏற்றவை இரண்டு. ஒன்று கொசுத்தேன். சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் வாழும் கொட்டாத தேனீ, மெழுகோடு பிசின் சேர்த்துச் செய்த சிறு குடங்களில் அதைச் சேர்க்கிறது. ஒரு கூட்டில் சில நூறு கிராம் கிடைத்தாலே அதிகம். ஈரம் கூடியது, புளிப்பு தூக்கலானது, பிசின் மணம் உடையது. மற்றொன்று மலைத்தேன். செண்பகத்தோப்புப் பகுதியில் வாழும் பளியர்கள் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் தொங்கும் பெருந்தேனீயின் அடைகளிலிருந்து எடுப்பது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளியார் தேன் எடுக்க முடியாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் சிறு வனப்பொருள்களில் தேனையும் சேர்த்திருக்கிறது. அடையைப் பிழிந்து எடுப்பதால் மலைத்தேனில் மகரந்தமும் மெழுகும் கூடக் கலந்து கலங்கலாக, அழுத்தமாக இருக்கும். சுழற்றி எடுக்கும் கருவியில் வடித்த பெட்டித் தேன் அதன் பக்கத்தில் தெளிவாகத் தெரியும், ருசியிலும்.

தண்ணீரில் விட்டால் கரையாமல் இறங்கும், திரியில் தொட்டால் எரியும், நாய் நக்காது என்ற சோதனைகளால் தேனின் தூய்மை தெரியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அந்தச் சோதனைகளில் தேறும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தபோது, பல மாதிரிகள் வழக்கமான ஆய்வகச் சோதனைகளில் தேறிவிட்டு, அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனையில்தான் மாட்டிக்கொண்டன. பெட்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை ஒரு வழியில்தான் வரும்: பஞ்ச காலத்தில் தேனீக்கு ஊட்டிய சர்க்கரைக் கரைசல் தேன் அறையில் சேர்ந்துவிடுவது. ஊட்டிய காலத்துச் சட்டங்களை எடுக்கவே கூடாது.

எதோடு சேர்த்து உண்பது என்பதில் ஒன்றை முதலிலேயே விலக்கிவிடலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மேல் தேன் ஊற்றுவது இரண்டுக்கும் அநியாயம். ஒரு தித்திப்பு மற்றொன்றைக் கொன்றுவிடும். புளிக்காத கெட்டித் தயிர், வறுத்த தினைமாவு, இளநீர் வழுக்கை ஆகியவைதான் தேனுக்குப் பேச இடம் கொடுப்பவை. முருகனுக்குப் படைக்கும் தேனும் தினைமாவும் ருசிக் கணக்கிலும் சரியான ஜோடி. ஒரு சட்டத்தைப் பிழியாமல் அடையோடு வெட்டித் தட்டில் வைத்தால், இளம் மெழுகு வாயில் கிழியும்போது வரும் மணம் எந்தக் குப்பியிலும் கிடைக்காது. விருந்தினருக்குக் கொடுக்க அதைவிட நல்ல வழியில்லை.

ருசிப் பரிசோதனையில் தேறாத, குணம் குன்றிய தேனே ஊறலுக்கு உரியது. நெல்லிக்காயை அப்படியே போட்டால் அதன் சாறு இறங்கித் தேனைத் தண்ணீராக்கிப் புளிக்க வைக்கும். ஆவியில் வெதுப்பி, கொட்டை நீக்கி, நிழலில் வாட்டிய பின் ஊறவைத்து, சில நாளில் நீர்த்த தேனை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகருக்கான பதிவு தேவை. பரிசாகக் கொடுக்கும் குப்பியில் ஓர் எச்சரிக்கை எழுதியே ஆக வேண்டும்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகளைச் சிசுவின் குடல் தாங்காது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைப்பதும் இந்த விலக்கில் அடங்கும்.

அப்படியும் மிஞ்சினால் தேனீக்கே திருப்பி ஊட்டலாம், ஆனால் அதே பெட்டியின் தேனை மட்டும். வெளியில் வாங்கிய தேனோ, பக்கத்துத் தோப்புக்காரரின் தேனோ நோயைக் கொண்டுவரும். 1991, 92-இல் தாய் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியா எங்கும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டத்தின் தேன் தொழிலே அதில் படுத்துப்போய்ப் பிறகு எழுந்தது. எல்லாவற்றையும் விட எளிய வழி, எடுக்கும்போதே அளவாக எடுப்பது. பெட்டியின் கீழடுக்கான புழு அறையிலுள்ள தேனைத் தொடாமல், ஐப்பசி மழைக்கு முன் தேன் அறையிலும் ஓரிரு சட்டங்களை விட்டுவைத்தால், பூ இல்லாத ஈர நாட்களுக்குக் கூட்டம் சர்க்கரைக் கரைசலை எதிர்பார்க்காது.