உழைப்பாளர் சிலையும் அம்மாவின் துடைப்பமும்

மெரினாவுக்குப் போகிறவர்கள் கண்ணில் உழைப்பாளர் சிலை படாமல் இருக்காது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959ல் திறந்தார்கள். நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். தசையெல்லாம் முறுக்கேறி நிற்கிறது. நல்ல சிற்பம், மறுக்கவில்லை. அந்த நாலு பேர் யார் என்பதுதான் என் கேள்வி.

இடம் பொருத்தமான இடம்தான். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியது சென்னைக் கடற்கரையில். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்று, திருவல்லிக்கேணியில் இன்னொன்று. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1921ல், பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நடந்தது என்ன? ஆதிதிராவிடத் தொழிலாளிகளும் சாதி இந்துத் தொழிலாளிகளும் எதிரெதிரே நின்றார்கள். சேரிக் குடிசைகள் எரிந்தன. சிலையில் நாலு உடம்பும் சேர்ந்து ஒரே பாறையோடு மல்லுக்கட்டுகிறது. வரலாற்றில் அப்படி இல்லை. சாதியைச் சொல்லாமல் எல்லோரையும் 'உழைப்பாளர்' என்பது அந்தப் பிளவின்மேல் ஊற்றிய வெண்கலம்.

1985 கடைசியில், கடற்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று சொல்லி மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தினார்கள். எதிர்த்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ஆக, வெண்கலமாக நின்றால் உழைப்பு அழகு. உயிரோடு மணலில் கிடந்தால் அசிங்கம்.

எங்கம்மா இந்த மணலில் ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டியவள். விடியறதுக்கு முன்னாடி வந்துடணும். கடலை மடித்த காகிதம், எச்சில் இலை, குடிச்சிப்போட்ட பாட்டில், அதுக்கும் மேல வாயால சொல்ல முடியாதது. ஒருநாள் சிலையைக் காட்டி, "இது நம்மளப்பத்தித்தாம்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்டா, நாலும் ஆம்பளையா இருக்குது. கூட்டுறவ எங்கடா?" என்றாள்.

இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை அந்தச் சிலையைப் பற்றி நான் படித்ததில்லை.

பாறையைப் பெயர்ப்பதற்கு ஒரு முடிவு உண்டு. பெயர்ந்ததும் வெற்றி என்று கைதட்டலாம். கூட்டுவதற்கு முடிவே கிடையாது. கூட்டிய இடத்தில் சாயங்காலம் திரும்பவும் குப்பை விழும். வெற்றியே வராத வேலையை எந்தப் பீடத்தில் ஏற்றுவது?

அம்மாவுக்குச் சிலை கேட்கவில்லை. துடைப்பம் ஏன் தலைமுறை தலைமுறையாக எங்கள் கையிலேயே இருக்கிறது என்று கேட்காத முற்போக்கு இலக்கியமும் இந்தச் சிலை மாதிரிதான். பாறை நன்றாகத் தெரிகிறது, கூட்டுகிறவள் தெரியவில்லை.